சிரிப்புப் படமும் சினந்த அரசியலும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிறு பட்டினமொன்றிலே, போர்முனைக்குப் புறப்படவிருக்கும் படைவீரருக்குப் பிரியாவிடை நடனம் நிகழ்கின்றது. அப்பட்டினத்துப் பொலிஸ்காரரின் மூத்த மகள் துரூடி, தந்தை தடுத்தமையாற் படம் பார்க்கச் செல்வதாகப் பொய் கூறிவிட்டு நடனத்துக்குப் போகின்றாள். ஆட்டத்தின் வேகத்தில், மேலே தொங்கிய அலங்காரக் கோளத்தில் அவள் தலை மோதுகின்றது. மறுநாட் காலை வீடு திரும்பும்போது, யாரோ ஒரு வீரனை இரவில் மணம் செய்துகொண்டமை மட்டுமே அவளுக்கு மங்கலாக நினைவிருக்கின்றது. அவன் பெயர் நினைவில்லை, முகமும் நினைவில்லை, மணப்பதிவிற் கொடுத்த பெயர்களோ பொய்ப் பெயர்கள். சில வாரங்களில், தான் கருவுற்றிருப்பதையும் அறிகின்றாள். கேட்ட மாத்திரத்திலே இது கண்ணீர்க் கதையெனவே தோன்றும். ஆயினும், 1944 ஆம் ஆண்டு சனவரியில் இதனைத் திரையிற் கண்ட அமெரிக்க மக்கள் வயிறு குலுங்கச் சிரித்தனர்.

‘மோர்கன்ஸ் கிறீக்கின் அற்புதம்’ என்பது அப்படத்தின் பெயர். எழுதி இயக்கியவர் பிரெஸ்டன் ஸ்டேர்ஜஸ். தயாரித்தது பரமவுண்ட் நிறுவனம். துரூடியாக பெற்றி ஹட்டனும், அவளைச் சிறு வயது முதல் நேசித்துவரும் நோர்வல் என்னும் வங்கி எழுதுவினைஞனாக எடி பிராக்கனும் நடித்தனர். நோர்வல் படையிற் சேரத் துடித்தவன். மனம் பதறினாற் கண்முன்னே புள்ளிகள் தோன்றும் குறைபாட்டினால் விலக்கப்பட்டவன். துரூடியின் மானத்தைக் காக்க வேண்டி, அவன் பழைய படையுடை ஒன்றைத் தரித்து, காணாமற்போன அவ்வீரனின் பெயரில் அவளை மணக்க முயன்று, பிடிபட்டுச் சிறை புகுகின்றான். இவ்வாறு சிக்கல்மேற் சிக்கலாகக் கதை விரைகின்றது.

இக்கதையைப் படமாக்குவது எத்துணை அரிய செயல் என்பதை உணர, அக்காலத்து அமெரிக்கத் தணிக்கை முறையைச் சிறிது நோக்கல் வேண்டும். திரைப்படம் வெறும் வணிகப் பண்டமே, பேச்சுரிமைக்குரிய பாதுகாப்பு அதற்கில்லை என அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் 1915 இல் தீர்ப்பளித்திருந்தது. ஆதலின், மாநிலங்கள் தத்தமக்கெனத் தணிக்கைச் சபைகளை அமைக்கத் தடையிருக்கவில்லை. அரசாங்கம் முற்றாகத் தலையிடுமுன் தாமே தம்மைக் கட்டுப்படுத்துவது நலமென எண்ணிய பட முதலாளிகள், 1922 இல், மத்திய அரசின் அமைச்சரவையில் அஞ்சல் துறைத் தலைவராயிருந்த வில் ஹேய்ஸ் என்பவரைத் தங்கள் சங்கத்தின் தலைவராக்கினர். 1930 இல் விதிக்கோவை ஒன்று எழுதப்பட்டது. அதனை எழுதியோரில் ஒருவர் யேசு சபைக் குரவர். மற்றவர் திரைத்தொழிற் சஞ்சிகையின் கத்தோலிக்க வெளியீட்டாளர். 1934 முதல் ஜோசப் பிரீன் என்பாரின் அலுவலகம் அவ்விதிகளைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்திற்று. அலுவலக முத்திரையின்றிப் படத்தை வெளியிட்டால் 25,000 டொலர் தண்டம்.

இவ்விதிக்கோவையிற் பிரசவக் காட்சிக்கு இடமேயில்லை. நிழலுருவாகவேனும் அதனைக் காட்டலாகாது. ஆயின் ஊன்றி நோக்கத்தக்க விதி வேறொன்று. நெறி தவறிய காதலைக் கதையில் அறவே நீக்குமாறு விதி கூறவில்லை. அதனைக் கேலிக்கூத்தாக்கிச் சிரிப்புக்கு இடமளிக்கலாகாது என்றே கூறிற்று. நெறி தவறிய பெண் நோயுற்று இறக்கலாம். குழந்தையைப் பறிகொடுத்துக் கதறலாம். பனியிலும் மழையிலும் அலையலாம். அத்தகைய படங்கள் பல வந்தன, முத்திரையும் பெற்றன. அவ்வாறான பெண் தண்டனையின்றித் தப்பி, பார்ப்போரும் அவளுடன் சேர்ந்து சிரித்துவிட்டு வீடு திரும்புவதே அதிகாரிகளுக்குப் பொறுக்கவொண்ணாததாயிற்று. பின்வந்த அறுபது ஆண்டுகளில் எழுந்த பூசல்களுக்கெல்லாம் வேர் இங்கேதான் கிடக்கின்றது.

1942 ஒக்ரோபரில், கதை முழுவதும் எழுதி முடியாத நிலையிலேயே படப்பிடிப்பு ஆரம்பமாயிற்று. பிரீன் அலுவலகத்திலிருந்து வந்த நீண்ட கடிதம் ஆட்சேபங்களாலேயே நிறைந்திருந்தது. பெண் குடித்திருத்தலாகாது, கருவுற்ற செய்தியை வலியுறுத்தலாகாது, அதுபற்றிய உரையாடலைக் குறைத்தல் வேண்டும். போர்த் திணைக்களத்துக்கோ படைவீரரின் நற்பெயரே கவலை. ஸ்டேர்ஜஸ் இவற்றோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஒவ்வொரு தடையையும் நகைச்சுவையாக மாற்றிக்கொண்டார். துரூடி அருந்துவது எலுமிச்சம்பானம்; அவளை மயக்குவது தலையில் விழுந்த அடி. மணம் நடந்ததா என்றால், ஆம், நடந்தது. மணமகன் எவன் என்பதை மட்டும் எவரும் அறியார். அவள் நிலையைப் படம் பெரும்பாலும் குறிப்பினாலேயே உணர்த்துகின்றது. தணிக்கையாளர் கேட்டதெல்லாம் கொடுக்கப்பட்டது. ஆயினும் தணிக்கையின் நோக்கம் ஒரு சிறிதும் நிறைவேறவில்லை. அந்நாளைய விமரிசகர் சிலர், இப்படம் எங்ஙனம் முத்திரை பெற்றதென வெளிப்படையாகவே வியந்தெழுதினர்.

படத்தின் முடிவு அதனினும் துணிவானது. நத்தார்க் காலத்திலே துரூடி ஒரே பிரசவத்தில் ஆறு ஆண் மக்களைப் பெறுகின்றாள். ஒரு குழந்தை பிறந்திருப்பின் ஊரே அவளைத் தூற்றியிருக்கும். ஆறு பிறந்தமையால், மாநில ஆளுநர் தொலைபேசியிற் கூவுகின்றார்: பழைய மணம் செல்லாது, நோர்வலே கணவன், அவன் இனி மாநிலப் படையின் அதிகாரி! சட்டமும் ஒழுக்கமும் ஒரே இரவிற் புதிதாக எழுதப்படுகின்றன. கனடாவிலே 1934 இல் தியோன் குடும்பத்தில் ஐந்து பெண்கள் ஒருங்கே பிறந்தபோது, ஒன்ராறியோ மாகாண அரசு அவர்களைப் பெற்றோரிடமிருந்து தன் காவலில் எடுத்து, இலட்சக்கணக்கான உல்லாசப் பயணிகளுக்குக் காட்சிப் பொருளாக்கியதை அக்காலத்தவர் எவரும் மறந்திருக்கவில்லை. ஆதலின் ஸ்டேர்ஜஸின் கேலி எவரைக் குறித்தது என்பது பார்த்தவர்களுக்கு விளங்கிற்று. துரூடியை அப்படம் எள்ளவில்லை. வதந்திக்கு அஞ்சும் தந்தையையும், தம் வசதிக்கேற்பச் சட்டத்தை வளைக்கும் அரசியலாளரையுமே எள்ளிற்று. கண்டனக் கடிதங்கள் வந்தன. படமோ அவ்வாண்டின் பெரு வெற்றிகளுள் ஒன்றாயிற்று.

இதே காலத்தில் வாஷிங்டனில் நிகழ்ந்த வேறொரு காரியம் படத்தைவிடக் குறைவாகவே பேசப்பட்டது. 1943 இல் அமெரிக்கக் காங்கிரஸ், படையிற் கீழ்த்தரச் சம்பளம் பெறும் வீரரின் மனைவியருக்கும் கைக்குழந்தைகளுக்கும் இலவச மருத்துவ உதவி வழங்கும் திட்டமொன்றை நிறைவேற்றிற்று. அதன்கீழ் ஏறத்தாழ 12 இலட்சம் தாய்மார் பயன்பெற்றனர். போர்க்கால அரசின் நற்செயல்களுள் இதனையும் சேர்த்தெண்ணல் வேண்டும். ஆயின், கணவன் இன்னான் எனக் காட்டவியலாத துரூடி போன்ற பெண்ணுக்கு அதிற் பங்கு ஏது? திரையிலே அவளைக் காத்தது ஆறு குழந்தைகள் என்னும் அற்புதம். வெளியுலகில் அவ்வற்புதமும் இல்லை.

1953 இல் அடுத்த பூசல் எழுந்தது. ஒட்டோ பிரெமிங்கர் இயக்கிய ‘நீல நிலா’ என்னும் நகைச்சுவைப் படத்துக்குப் பிரீன் அலுவலகம் முத்திரை மறுத்தது. படத்தில் எவரும் கருவுறவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். கதாநாயகி தொடக்கம் முதல் இறுதிவரை கற்பு நெறி தவறாதவள். ஆயினும் ‘கன்னி’, ‘கர்ப்பிணி’ முதலிய சொற்களை அதில் வருவோர் கூச்சமின்றி உச்சரித்தனர். அதுவே பெருங் குற்றமாயிற்று. கன்சாஸ், மேரிலாந்து, ஒஹாயோ ஆகிய மாநிலங்கள் படத்தைத் தடை செய்தன. கத்தோலிக்க ஒழுக்கக் கழகம் அதனைக் கண்டித்தது. யுனைற்றட் ஆர்ட்டிஸ்ற்ஸ் நிறுவனம் முத்திரையில்லாமலே அதனை வெளியிட்டு நல்ல இலாபம் ஈட்டிற்று. 1955 ஒக்ரோபரில் அதியுயர் நீதிமன்றம் கன்சாஸ் தடையை நீக்கியது. திரைப்படமும் பேச்சுரிமைக்குள் அடங்கும் என அந்நீதிமன்றம் 1952 இலேயே தன் பழைய தீர்ப்பை மாற்றியிருந்தது. ஒரு சொல்லின்பொருட்டு மூன்று மாநிலங்கள் படைதிரட்டிய கதையைப் பிரெஸ்டன் ஸ்டேர்ஜஸ் எழுதியிருப்பின் நம்பியிருப்பார் சிலரே.

சொற்களை இவ்வாறு காவல் செய்த அக்காலத்திலே வாழ்க்கை எவ்வாறிருந்தது? அமெரிக்காவில் 15 முதல் 19 வயது வரையான பெண்கள் 1,000 பேருக்கு ஓராண்டிற் பிறந்த குழந்தைகளின் தொகை, அந்நாட்டு வரலாற்றிலேயே உச்சத்தை எட்டிய ஆண்டு 1957. அத்தொகை ஏறத்தாழ 96. விதிக்கோவை அப்போதும் நடைமுறையிலிருந்தது. அத்தாய்மாரிற் பெரும்பாலோர் மணமானவர்கள் என்பதையும், அந்நாளில் இளவயது மணம் பரவலாயிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லல் நேர்மை. எனினும், கரு உண்டான பின்னர் அவசர அவசரமாக நடத்தப்பட்ட மணங்கள் அவற்றுட் பல. மணமாகாத பெண்கள் பலர் வெளியூரிலிருந்த மகப்பேற்று இல்லங்களுக்கு இரகசியமாக அனுப்பப்பட்டனர். குழந்தையைத் தத்துக் கொடுத்துவிட்டு, உறவினர் வீட்டில் இருந்துவந்ததாகக் கூறி ஊர் திரும்பினர். உலகப் போர் முடிந்தது முதல் 1973 வரை ஏறத்தாழ 15 இலட்சம் தாய்மார் இவ்வாறு குழந்தைகளைப் பிரிந்தனர் என மதிப்பிடப்படுகின்றது. பாடசாலைகள் கருவுற்ற மாணவியரை வெளியேற்றின. அதனைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1972 இலேதான் வந்தது. கனெற்றிக்கற் மாநிலத்தில் மணமானவர்கூடக் கருத்தடைப் பொருளைப் பயன்படுத்துவது 1965 வரை குற்றம். மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் மணமாகாதவருக்கு அதனை வழங்குதல் 1972 வரை குற்றம். இவை பற்றிப் பேசுதற்கு அரசியல் மேடைகளிற் கிடைத்த நேரம் சொற்பம்.

விதிக்கோவை 1968 இற் கைவிடப்பட்டு, வயதுக்கேற்பப் படங்களைத் தரம் பிரிக்கும் முறை வந்தது. ஆயினும் பழைய சினம் அதனோடு அகன்றுவிடவில்லை. அது படமாளிகையை விட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே வந்தமர்ந்தது. 1992 ஏப்பிரல் இறுதியில், கறுப்பினத்தவரொருவரை அடித்த பொலிஸார் வழக்கில் விடுதலையானதையடுத்து லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் கலகம் மூண்டு, 50 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். மே 19 ஆந் திகதி உப சனாதிபதி டான் குவெயில் சான் பிரான்சிஸ்கோவில் வறுமையையும் குடும்பச் சிதைவையும் குறித்து நீண்டதோர் உரையாற்றினார். அவ்வுரையில் ஒரு வாக்கியம் ‘மேர்பி பிரவுன்’ என்னும் நகைச்சுவைத் தொடரைப் பற்றியது. அத்தொடரின் நாயகி, மணமாகாத தொலைக்காட்சிச் செய்தியாளர். முந்திய நாள் இரவு ஒளிபரப்பான பகுதியில் அவள் குழந்தை பெற்றிருந்தாள். தந்தையரின் தேவையை அவள் ஏளனம் செய்வதாக உப சனாதிபதி குறைகூறினார்.

உரையின் ஏனைய பகுதிகளை நாடு மறந்தது. அவ்வொரு வாக்கியமே நாட்கணக்கிற் பேசப்பட்டது. வெள்ளை மாளிகைப் பேச்சாளர் முதலில் உப சனாதிபதியை ஆதரித்தார். பின்னர், அக்கற்பனைப் பெண் கருக்கலைப்பை நாடாமற் குழந்தையைப் பெற்றது போற்றத்தக்கது என்றார். கனடியப் பிரதமர் பக்கத்தில் நிற்க, சனாதிபதி புஷ்ஷிடம் நிருபர்கள் வினவியதும் மேர்பி பிரவுனைப் பற்றியே. செப்ரெம்பரில் தொடர் மீண்டும் ஆரம்பித்தபோது, நாயகி உண்மையான ஒற்றைப் பெற்றோர் குடும்பங்களைத் திரையிற் கொணர்ந்து மறுமொழி கூறினாள். குவெயில், பிறவாத அக்குழந்தைக்கு விளையாட்டு யானை ஒன்றை அனுப்பி வைத்தார். இதில் நகைச்சுவை நடிகர் எவர், அரசியலாளர் எவர் என்பது அவ்வேளையிற் பிரித்தறியக் கடினமாயிருந்தது.

குவெயில் எழுப்பிய வினா வெறுமையானதன்று. அவ்வாண்டு அமெரிக்காவிற் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ 30 சத வீதத்தினர் மணமாகாத தாய்மாருக்குப் பிறந்தோர். தனித்து வளர்க்கும் தாய் வறுமையில் விழும் அபாயம் மெய்யானது. அடுத்த ஆண்டு மதிப்புக்குரிய சஞ்சிகையொன்று, குவெயில் கூறியது சரியே என அட்டையிலேயே அறிவித்துக் கட்டுரை வெளியிட்டது. ஆனால் எரிந்த தெருக்களைக் குறித்துப் பேச எழுந்தவர், செல்வமும் புகழும் படைத்த கற்பனைப் பெண்ணொருத்தியைச் சுட்டியதால், தம் வினாவைத் தாமே சிரிப்புக்கு இரையாக்கினார்.

இனி 2007. அவ்வாண்டு திட்டமிடாக் கருப்பம் பற்றிய நகைச்சுவைப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ‘நொக்ட் அப்’ கோடையில் வெளியாயிற்று. அதில் ஓரிரவுப் பழக்கத்தாற் கருவுற்ற பெண் குழந்தையைப் பெறத் துணிகின்றாள். ‘ஜூனோ’ திசெம்பரில் வெளியாயிற்று. அதில் பதினாறு வயது மாணவி கருக்கலைப்பு நிலையம்வரை சென்று திரும்பி, குழந்தையைப் பெற்றுத் தத்துக் கொடுக்கின்றாள். அப்படத்தின் கதைவசனத்துக்கு 2008 இல் ஒஸ்கார் விருதும் கிட்டிற்று. விந்தை யாதெனில், இப்படங்களை இரு சாராரும் தாக்கினர். இரு சாராரும் உரிமையும் கொண்டாடினர். கருக்கலைப்பை எதிர்ப்போரிற் சிலர் இவற்றைத் தம் கட்சியின் படங்களென மகிழ்ந்தனர். வேறு சிலர் இவை இளம் பெண்களுக்குக் கருப்பத்தைக் கவர்ச்சியாக்குவதாக அஞ்சினர். மறு சாரார், கருக்கலைப்பு என்னும் வழியைப் படங்கள் ஏன் இவ்வளவு விரைவாகக் கடந்து செல்கின்றன எனக் கேட்டனர். ஜூனோ படத்தின் இறுதியில் அம்மாணவி மிதிவண்டியில் ஏறித் தன் காதலனின் வீட்டுக்குச் செல்கின்றாள். வாத்தியம் இசைத்துப் பாடுகின்றாள். 1930 ஆம் ஆண்டு விதிக்கோவையை எழுதியோர் எதற்கு அஞ்சினரோ, அது இதுவே.

2008 யூனில் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் என்னும் பழைய மீன்பிடித் துறைமுகம் உலகச் செய்தியாயிற்று. 1,200 மாணவர் பயிலும் அவ்வூர் உயர் பாடசாலையில், ஒரு கல்வியாண்டில் 17 மாணவிகள் கருவுற்றனர். முந்திய ஆண்டிலும் அது நான்கு மடங்குக்கு மேல். மாணவிகளிற் சிலர் ஒன்றாகக் கருவுறுவதென உடன்படிக்கை செய்ததாக அதிபர் கூறியதைச் சஞ்சிகையொன்று வெளியிட்டது. உடனே ‘ஜூனோ விளைவு’ என்னும் தொடர் எங்கும் ஒலித்தது. படம் பார்த்துப் பிள்ளைகள் கெட்டனர் என்ற தீர்ப்பு விசாரணைக்கு முன்னரே எழுதப்பட்டது. நகர முதல்வர், உடன்படிக்கை நடந்ததற்குச் சான்று ஏதும் இல்லையென அறிவித்தார். கருவுற்ற மாணவியொருத்தியும், கருவுற்றதன் பின்னரே தாங்கள் ஒருவர்க்கொருவர் துணைநிற்பதெனப் பேசிக்கொண்டதாகத் தொலைக்காட்சியிற் கூறினாள்.

காலக் கணக்கைப் பார்த்தாலும் பழி பொருந்தவில்லை. கருப்பப் பரிசோதனைக்கென வழக்கத்துக்கு மாறாகப் பல மாணவிகள் பாடசாலைச் சுகாதார நிலையத்துக்கு வரத் தொடங்கியது 2007 ஒக்ரோபர் அளவில். ஜூனோ திரைக்கு வந்தது திசெம்பரில். நாடு முழுவதற்குமான கணக்கும் அவ்வாறே. 1991 முதல் இறங்கிவந்த பதின்வயதுப் பிறப்பு வீதம் மீண்டும் ஏறியது 2006 இல். அப்போது இப்படங்களுள் ஒன்றேனும் வெளியாகவில்லை. கோடிக்கணக்கானோர் ஜூனோவைப் பார்த்த பின்னரோ, 2007 இல் 1,000 இற்கு ஏறத்தாழ 42 ஆயிருந்த வீதம் 2010 இல் 34 ஆயும், 2019 இல் 17 ஆயும் இறங்கிற்று. திரை மனிதரை அசைப்பதில்லையென்றும் சொல்வதற்கில்லை. இளந் தாய்மாரின் அன்றாட அல்லலைக் காட்டிய தொலைக்காட்சித் தொடரொன்று 2009 முதல் ஒளிபரப்பாயிற்று. அது பிறப்பு வீதத்தைக் குறைக்க உதவியதாகப் பொருளியல் ஆய்வாளர் இருவர் 2014 இல் கணக்கிட்டனர். அக்கணக்கை மறுத்தோரும் உளர்.

குளொஸ்டரிலே நிருபர்கள் வந்திறங்குவதற்கு முன், அவ்வாண்டு மே மாதத்தில், சிறியதொரு சம்பவம் நிகழ்ந்திருந்தது. பாடசாலைச் சுகாதார நிலையத்தின் வைத்தியரும் தாதியும், மாணவிகளுக்குப் பெற்றோர் அறியாமலும் கருத்தடைப் பொருள் வழங்க அனுமதி வேண்டினர். நிலையத்துக்குப் பொறுப்பான வைத்தியசாலை அதனை எதிர்த்தது. இருவரும் பதவி துறந்தனர். நிலையத்திலே பரிசோதனை செய்து கருவுற்றிருப்பதை உறுதிப்படுத்தலாம். கருவுறாதிருக்க உதவ மட்டும் இயலாது என்பதே அன்றைய நிலை. ஒக்ரோபரிற் பாடசாலைக் குழு கூடி, பெற்றோரின் சம்மதம் பெற்ற மாணவியருக்குக் கருத்தடைப் பொருள் வழங்கலாமெனத் தீர்மானித்தது. வைத்தியரும் தாதியும் கேட்டதிற் பாதி அது.